தாண்டாமல் படித்த பக்கம்

எங்கள் தாமான் குடியிருப்பில் ஒருவரை மட்டும் யாரும் நலம் விசாரிக்க விடுவதில்லை. அவர் குழந்தைவேலு. "உங்கம்மாவுக்கு இப்ப தேவலையா?" என்று அவர் தெரியாத்தனமாக ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும், எதிரே நிற்பவர் முகம் வெளுத்துவிடும். ஒருமுறை பின்தெருப் பெரியவர் ஒருவரைப் பார்க்க ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். மூக்கில் குழாயோடு படுத்திருந்தவர் இவரைக் கண்டதும், "எனக்கு இன்னும் நேரம் இருக்குடா, நீ போ" என்று கத்தியிருக்கிறார். நர்சு ஓடிவந்து இவரைத்தான் வெளியே அனுப்பினாள். அந்தப் பெரியவர் அதற்கப்புறம் நாலு வருடம் கல்லுமாதிரி இருந்தார் என்பது வேறு விஷயம். குழந்தைவேலு பழத்தை என் கடைக் கல்லாவில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

அவர் செய்கிற காரியம் அப்படி. நாற்பது வருடமாகச் சாவு வீடுகளில் புராணம் படிக்கிறார். பதினெட்டுப் புராணங்களில் ஒன்றை, துக்கம் நடந்த வீட்டில் கருமாதி வரைக்கும் சாயங்காலம் சாயங்காலம் உட்கார்ந்து படிப்பார்கள் அல்லவா, அதுதான். உடம்பை விட்ட உயிர் எந்த வழியாகப் போகிறது, வழியில் எந்தெந்த ஊர் வரும், எந்த ஆறு குறுக்கிடும், யார் செய்த எந்தப் பாவத்துக்கு எந்த நரகம் என்பதெல்லாம் அதில் உண்டு. பெயரைச் சொன்னால் உங்களுக்குத் தெரியும். ஆனால் எங்கள் பக்கத்தில் துக்கமில்லாத வீட்டில் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்கள், புத்தகத்தையும் வைக்க மாட்டார்கள். நான் இங்கே எழுதினால் என் மனைவி மூன்று நாளைக்குப் பேச மாட்டாள். அதனால் அந்தப் புத்தகம் என்றே சொல்லிவிடுகிறேன்.

இதில் எனக்குக் கோபம் உண்டு. மற்ற சாத்திரங்களையெல்லாம் பட்டுத்துணியில் சுற்றி, மஞ்சள் குங்குமம் வைத்து, சாமி மேடையில் ஏற்றுகிறோம். ஒருவரும் திறந்து படிப்பதில்லை. ஆளாளுக்கு எப்படியும் ஒருநாள் தேவைப்படுகிற இந்த ஒன்றை மட்டும் வாசலுக்கு வெளியே நிறுத்துகிறோம். அதுவும் பகவான் வாயால் சொன்னதுதானே. கேட்டால், "அதுக்காக வீட்டுல வெச்சுக்கவா முடியும்?" என்பார்கள். புத்தகத்துக்கே இந்தக் கதி என்றால் அதைக் கையில் எடுப்பவருக்கு என்ன மரியாதை கிடைக்கும்.

குழந்தைவேலு ஆசைப்பட்டு இந்த வேலைக்கு வந்தவர் இல்லை. சுங்கை லாலாங் பக்கம் தோட்டம் தோட்டமாக இருந்த காலத்தில் அவர் ரப்பர்ப் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாவது வரைக்கும் படித்தவர், தொழிலாளர் லயத்துக்கு வரும் பத்திரிகையைத் திக்காமல் உரக்கப் படிப்பார். அங்கே புராணம் படித்த பண்டாரம் மகனோடு பினாங்குக்குப் போகும்போது புத்தகத்தைக் கோயில் சாமான் கொட்டகையில் விட்டுவிட்டுப் போனார். மறு வாரமே ஒரு சாவு. இந்த ஒரு தடவை படித்துவிடு என்று கெஞ்சினார்கள். இவரும் சரி என்றார். அந்த ஒரு தடவைதான் இன்றுவரை முடியவில்லை.

மனைவி மருதம்மாளுக்கு இது பிடிக்கவே இல்லை. புருஷன் படிக்கப் போவதைத் தடுக்கவில்லை, ஆனால் புத்தகம் வாசற்படி தாண்டக் கூடாது என்பதில் கறாராக இருந்தார். தோட்டம் விற்கப்பட்டு, கொட்டகையும் போய், எல்லாரும் இந்தத் தாமானின் மலிவு விலை வீடுகளுக்கு வந்தபோது புத்தகமும் கூடவே வந்தது. பிஸ்கட் டின்னில் போட்டு, மோட்டோ வண்டி நிறுத்தும் கூரைக்கடியில் தொங்கவிட்டார்கள். மழைக்கு நனையாமல் மேலே ஒரு பிளாஸ்டிக் பை. பார்ப்பவர்கள் புறாவுக்குக் கூடு கட்டியிருக்கிறார்கள் என்று நினைப்பார்கள்.

அவர் படிப்பதில் ஒரு முறை இருந்தது. அது எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் நானும் அதில் கூட்டாளி. எங்காவது சாவு என்று அழைப்பு வந்தால் முதலில் நேரே என் கடைக்கு வருவார். ஓரமாகப் போட்டிருக்கும் தேநீர் மேசையில் ஒரு தே சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, அந்த வீட்டில் என்ன கதை என்று கேட்பார். மளிகைக்கடைக்காரனுக்குத் தெரியாத கதை உண்டா? செத்தவர் சம்சு குடித்தே ஈரலைக் கரைத்துக்கொண்டவர் என்பேன். தம்பி நிலத்தைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டவர் என்பேன். கூலிம் ஊரில் இன்னொரு குடும்பம் வைத்திருந்தவர் என்பேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து பழைய பஸ் டிக்கெட்டுகளை எடுப்பார். குடிகாரனுக்கு விதித்த தண்டனை வரும் பக்கத்தில் ஒன்று, பிறர் சொத்தைப் பறித்தவனுக்கு வரும் பக்கத்தில் ஒன்று என்று சொருகிக்கொள்வார். அந்தந்த வீட்டில் அந்தந்தப் பக்கம் வரும்போது குரல் கொஞ்சமும் மாறாமல் தாண்டிவிடுவார். கேட்கிறவர்களுக்குத் தெரியவே தெரியாது. இந்த வட்டாரத்தில் யார் எந்த நரகத்துக்குப் போயிருக்க வேண்டும் என்பது எனக்கும் அவருக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம்.

ஒருமுறை ஒரு பழைய தோட்டத்து மண்டோர், ஆட்களை மேய்க்கும் கங்காணி, செத்துப்போனார். ஆட்களைக் கைநீட்டி அடித்தவர், பெண்பிள்ளைகளிடம் வாய்க்கு வந்ததைப் பேசியவர். அன்றைக்கு அடிவாங்கியவர்களே கிழவர்களாகி வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நரகமாவது அவர் காதில் விழட்டுமே என்று எனக்கும் ஆசை. குழந்தைவேலு அவ்வளவையும் தாண்டிவிட்டார். எனக்கு ஆத்திரம் பொறுக்கவில்லை. வெளியே வந்ததும் பிடித்துக் கேட்டேன்.

"செத்தவன் போயிட்டான் தம்பி," என்றார். "உக்காந்து கேக்கறது அவன் பொண்டாட்டி பிள்ளைங்க. அதுங்க என்ன பாவம் பண்ணுச்சு?"

அப்படிப்பட்ட மனுஷன்தான் தன் வீட்டில் அந்தக் காரியத்தைச் செய்தார்.

மூன்று வருடத்துக்கு முன்பு, சிறுநீரகம் கெட்டு ரத்தம் சுத்திகரிக்கப் போய்வந்துகொண்டிருந்த மருதம்மாளுக்குக் கடைசியில் கிருமி தொற்றி சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பன்னிரண்டு நாள் கிடந்தார். குழந்தைவேலு பன்னிரண்டு நாளும் கட்டில் பக்கத்து நாற்காலியில் இருந்தார். ஒரே மகள் ஷாமளா. கூலிமில் பெரிய தொழிற்சாலையில் வேலை, புருஷனோடு குடியிருப்பது அதே சுங்கை பட்டாணியில்தான், ஆஸ்பத்திரிக்குக் காரில் கால்மணி நேரம். அவள் முதல் நாள் வந்து பார்த்துவிட்டுப் போனாள். அதற்கப்புறம் வரவில்லை. போனில் பேசினாள். மருமகன் இரண்டு தடவை சாப்பாடு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அவளுக்கு வேலை அதிகம் என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். பன்னிரண்டாம் நாள் விடியற்காலையில் மருதம்மாள் போய்விட்டார். ஷாமளா நேரே பிணத்துக்குத்தான் வந்தாள்.

யார் புராணம் படிப்பது என்ற கேள்வி எழுந்தது. கோயில் தலைவர் பரஞ்சோதி, கட்டின மனைவிக்கு நீங்களே படிக்க வேண்டாம், இந்த ஒரு வீட்டில் விட்டுவிடலாம் என்றார். குழந்தைவேலு கேட்கவில்லை. ஊருக்கெல்லாம் படித்துவிட்டு மருதுவுக்குப் படிக்காமல் அனுப்புவதா என்று அவரே உட்கார்ந்தார். முதல் முறையாகப் புத்தகம் அந்த வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தது. எட்டு நாள் ஒழுங்காகப் போனது. ஒன்பதாம் நாள், தாய் தகப்பனை நோயில் தவிக்கவிட்ட பிள்ளைகளுக்கு என்னென்ன காத்திருக்கிறது என்ற பகுதி வந்தது.

நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன். தாண்டுவார் என்று நிச்சயமாக நம்பிக்கொண்டிருந்தேன், எத்தனை வீட்டில் தாண்டின பகுதி அது. அவர் தாண்டவில்லை. ஒரு வரி விடாமல் படித்தார். நிறுத்தி நிறுத்தி, குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறமாதிரி நிதானமாகப் படித்தார். ஷாமளா சுவரோரம் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். கூடத்தில் இருந்த அத்தனை பெண்களும் ஒரே நேரத்தில் அவள் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் பார்க்காத மாதிரி பார்ப்பார்களே, அந்தப் பார்வைகூட இல்லை, நேராகவே பார்த்தார்கள். அவள் தலையைக் குனியவில்லை, அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். படித்து முடிந்ததும் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து காரில் ஏறிப் போய்விட்டாள். கருமாதிக்கு மருமகன் மட்டும் வந்தார்.

கேட்டவர்களிடம் குழந்தைவேலு, அழுது அழுது கண் மங்கியிருந்தது, எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை, கை பாட்டுக்குப் புரட்டியது என்றார். பாவம், யார்தான் நம்ப மாட்டார்கள். நானும் நம்பினேன், அல்லது நம்பினேன் என்று வைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் அவர் புத்தகத்தைப் பழையபடி வெளியே தொங்கவிடவில்லை. கூரைக்கடியில் தொங்கியதில் பூச்சி அரித்துவிட்டது, இனி யார் தடுக்கப்போகிறார்கள் என்று டெலிவிஷன் மேசையில் வைத்துக்கொண்டார். ஏற்கெனவே அந்த வீட்டுக்கு யாரும் அதிகமாகப் போவதில்லை, இப்போது சுத்தமாக நின்றது. தீபாவளிக்குப் பலகாரம் கொடுக்க வரும் பிள்ளைகள் கேட்டில் மாட்டிவிட்டு ஓடின. கல்யாணப் பத்திரிகை கொடுப்பவர்கள் தபால் பெட்டியில் போட்டார்கள். அவரும் புரிந்துகொண்டு எந்தக் கல்யாணத்துக்கும் போவதில்லை. காலையில் என் கடையில் ஒரு தே, மத்தியானம் தானே பொங்கிய சோறு, சாயங்காலம் வாசலில் ஒரு நாற்காலி. சாவு வந்தால் மட்டும் கார் வந்து ஏற்றிக்கொண்டு போகும். ஒருநாள் என்னிடம், ஒரு வாரமாக யாரும் சாகவில்லை, பேசாமல் பேசாமல் தொண்டை கட்டிக்கொண்டது என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அவர் எழுந்து போனபிறகுதான் உறைத்தது.

ஷாமளாவுக்குப் பெண்குழந்தை பிறந்தது. செய்தி மருமகன் போனில் வந்தது. பெயர் கலைமகள் என்று வைத்தார்களாம். போட்டோவில் பார்த்தார். கூப்பிட்டுப் பேசினால் ஷாமளா இரண்டு வார்த்தை பேசுவாள். எப்போதம்மா வருவீங்க என்று கேட்டால், அந்தப் புத்தகம் வீட்டில் இருக்கும்போது கைக்குழந்தையை எப்படிப்பா தூக்கிக்கொண்டு வருவது என்பாள். நீங்கள் வாருங்கள் என்றும் சொல்ல மாட்டாள். அவருக்கு அதில் குறையில்லை. இந்த ஊரில் எல்லாரும் சொல்கிற காரணம்தானே. மகள் வரலையாண்ணே என்று யாராவது கேட்டால், "புத்தகம் இருக்குல்ல, எப்படி வரும்" என்று பெருந்தன்மையாகச் சொல்லிக்கொள்வார்.

குழந்தைக்கு இரண்டு வயது முடிந்தபோது ஒரு முடிவுக்கு வந்தார். புத்தகத்தை எங்கேயாவது சேர்த்துவிட்டால் பேத்தி வந்துவிடும். முதலில் பரஞ்சோதியிடம் கொண்டுபோனார். பரஞ்சோதி கோயில் வாசலிலேயே கையை நீட்டித் தடுத்து, இது கல்யாணம் நடக்கிற இடம், இங்கே வேண்டாம் என்றார். அவருடைய அப்பாவுக்கு, அம்மாவுக்கு, அண்ணனுக்கு என்று மூன்று பேருக்கும் குழந்தைவேலுதான் படித்தார். அதை நான் ஞாபகப்படுத்தப்போய் பரஞ்சோதி இன்றுவரை என் கடையில் சாமான் வாங்குவதில்லை. போகட்டும்.

பழைய சாத்திரப் புத்தகத்தை எரிக்கக் கூடாது, குப்பையில் போடக் கூடாது, ஓடும் தண்ணீரில் விடலாம் என்று அவரே சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வேனில் ஏறி யான் என்ற ஊர்க் கடற்கரைக்குப் போனோம். வழியெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். கற்பூரம் ஏற்றி, முழங்கால் தண்ணீரில் நின்று, கும்பிட்டுப் புத்தகத்தைத் தண்ணீரில் விட்டார். அது முழுகவில்லை. அலையில் ஏறி இறங்கி மிதந்துகொண்டே இருந்தது. கொஞ்ச தூரத்தில் வலை அலசிக்கொண்டிருந்த மலாய்க்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, ஐயோ பாவம், பெரியவர் தவறவிட்டுவிட்டார் என்று இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி எடுத்துவந்தார். "அண்ணே, புக்கு ஜாத்தோ," புத்தகம் விழுந்துவிட்டதே என்று தன் துண்டால் துடைத்து இரண்டு கையாலும் கொடுத்தார். குழந்தைவேலு திருதிருவென்று விழித்து, தெரிமா காசே என்று நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். செங்கல் கட்டி விடலாமே என்று நான் சொன்னதற்கு, "புராணத்துக்குக் கல்லக் கட்டுறதா" என்று முறைத்தார்.

கடைசியில் சுங்கை பட்டாணிப் பக்கத்தில் ஒரு மயானத்துக் காவலர் வாங்கிக்கொண்டார். என் அறையில் இருக்கட்டும், இங்கே வருகிறவர்கள் யாரும் இதற்குப் பயப்பட மாட்டார்கள் என்று சிரித்தபடி அலமாரியில் வைத்தார். அந்த அளவுக்கு முகமலர்ச்சியோடு அந்தப் புத்தகத்தை வாங்கிய ஆளை நாங்கள் இருவரும் பார்த்ததில்லை.

வேனில் உட்கார்ந்ததுமே மகளுக்குப் போன் போட்டார். புத்தகம் இனிமேல் வீட்டில் இல்லை, பரிகாரமாக மஞ்சள் தண்ணீர் தெளிக்கப்போகிறேன், வெள்ளையும் அடிக்கப்போகிறேன் என்றார். அவள், சரிப்பா, பார்க்கலாம் என்றாள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு மனுஷன் என்ன பாடுபட்டார். தானே ஏணியில் ஏறி வெள்ளையடித்தார். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ரோஜா நிறத்தில் குழந்தை நாற்காலி வாங்கினார். சனிக்கிழமை என் கடையில் வாழைப்பழம், பால், பூனைப்படம் போட்ட பிஸ்கட் எல்லாம் வாங்குவார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாசலில் உட்கார்ந்திருப்பார். திங்கட்கிழமை அந்தப் பிஸ்கட்டைத் தேயில் நனைத்துத் தானே சாப்பிடுவார். இப்படி ஐந்து ஞாயிறு போயிற்று.

ஆறாவது திங்கட்கிழமை எனக்குப் பொறுக்கவில்லை. நான் கொஞ்சம் வாய்த்துடுக்குக்காரன், என் மனைவியைக் கேட்டால் கொஞ்சம் இல்லை என்பாள். புத்தகத்துக்காகத்தான் அவள் வரவில்லை என்று இன்னுமா நம்புகிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். அந்த ஒன்பதாம் நாளை எடுத்தேன். ஊரில் அத்தனை பேருக்கும் தாண்டினீர்கள், பெற்ற பெண்ணுக்கு ஒரு பஸ் டிக்கெட் சொருகக் கூடாதா என்றேன். கண் தெரியவில்லை என்று பழைய கதையைத் தொடங்கினார். அவர் பாதியில் நிறுத்தினார். பிஸ்கட் தேக்குள் உடைந்து விழுந்தது, அதைக் கரண்டியால் எடுக்க முயன்றுகொண்டே இருந்தார்.

"நல்லாத் தெரிஞ்சுது தம்பி," என்றார். "தெரிஞ்சுதான் படிச்சேன். மருது பன்னெண்டு நாளும் வாசலயே பார்த்துக்கிட்டுக் கெடந்தா. அது எனக்கு மட்டும்தானே தெரியும். இவளுக்கும் தெரியட்டும்னு படிச்சேன்."

மூன்று வருடமாகக் கண்மேல் போட்டிருந்த பழி அன்றைக்குத்தான் இறங்கியது. இதை என்னிடம் சொல்லி என்ன பிரயோசனம், அவளிடம் சொல்லுங்கள் என்றேன். வேறு யோசனை வருவதற்குள் கடையை மனைவி பொறுப்பில் விட்டு, அவரை வேனில் ஏற்றினேன். சொல்லிவிட்டால் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன், மடையன்.

சுங்கை பட்டாணியில் ஷாமளாவின் வீடு மூலை வீடு. சாயங்காலம் ஐந்தரை மணி. வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள், கம்பெனிச் சட்டைகூட மாற்றவில்லை. அப்பாவைக் கண்டதும் திடுக்கிட்டாள், ஆனால் கேட்டைத் திறந்து, உள்ளே வாங்க என்றாள். என்னையும் வாங்க மாமா என்றாள். குழந்தைவேலு வரவில்லை. கார் நிறுத்தும் இடத்திலேயே நின்று, வழியெல்லாம் நெஞ்சுக்குள் சொல்லிப் பார்த்ததைச் சொன்னார். கண் மங்கியது பொய், தெரிந்தேதான் படித்தேன், உன்னைச் சபையில் வைத்துத் தண்டிக்க நினைத்தேன், என்னை மன்னித்துவிடு என்றார். பெற்ற மகளிடம் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு அங்கே நிற்கவே கூச்சமாக இருந்தது.

ஷாமளா அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"தெரியும்ப்பா. கண்ணு தெரியலன்னு நீங்க சொன்னத நான் ஒருநாளும் நம்பல. கண்ணு தெரியாதவர் அப்படி நிறுத்தி நிறுத்திப் படிக்க மாட்டார்."

பிறகு அவள் சொன்னதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவளுக்கு இரண்டு மாதம். அதற்கு முன்னால் இரண்டு தடவை கலைந்திருந்தது. இந்தத் தடவையும் உதிரம் கண்டு, டாக்டர் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்றிருக்கிறார். அப்பா சாப்பிட எழுந்துபோன நேரத்தில் போன் போட்டு, வராதே என்று சொன்னது மருதம்மாள்தான். வந்தால் என் மேல் ஆணை என்றாராம். மூன்று மாதம் முடியும்வரை அப்பாவிடமும் வாயைத் திறக்காதே, அந்த மனுஷன் சாவு வீடு சாவு வீடாகப் போகிறவர், நல்லது தங்கட்டும், நானே சொல்லிக்கொள்கிறேன் என்றாராம். சொல்வதற்கு மருதம்மாள் இருக்கவில்லை. குழந்தை பிறந்த மாதத்தைக் கணக்குப் போட்டிருந்தால் எங்களுக்கே புரிந்திருக்கும். நானும் போடவில்லை, அவரும் போடவில்லை. வயிற்றுப்பிள்ளைக்காரி அந்தப் புத்தகம் படிக்கிற பக்கமே போகக் கூடாது என்பார்கள். அவள் அம்மாவுக்காக அந்த உடம்போடு எட்டு நாள் வந்து உட்கார்ந்திருக்கிறாள், ஒன்பதாம் நாளும் வந்திருக்கிறாள்.

"அப்பயே சொல்லியிருக்கலாமேம்மா," என்றார் குழந்தைவேலு.

"சொல்லலாம்னுதான் வந்தேன். அன்னிக்குப் படிச்சு முடிச்சதும் சொல்லலாம்னு இருந்தேன்."

அவள் அழவில்லை, சத்தமும் போடவில்லை. கேட்டின் தாழ்ப்பாளை விரலால் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

"என்னை எல்லாரும் பார்த்தாங்க, அது போயிட்டுப் போவுதுப்பா. செத்தவங்க பத்து நாள் வரைக்கும் வீட்டுலயேதான் இருப்பாங்க, நாம பேசறதெல்லாம் அவங்க காதுல விழும்னு எத்தனை வீட்டுல சொல்லியிருக்கீங்க. அன்னிக்கு ஒம்பதாவது நாள். அம்மாவும் அங்கதானே உக்காந்து கேட்டிருப்பாங்க? வராதேன்னு சொன்னதே அவங்கதான். இல்லன்னு சொல்ல அவங்களுக்கு வாயும் இல்ல."

அவள் சொன்னது அத்தனையும் குழந்தைவேலு தன் வாயால் ஊரெல்லாம் சொன்னது. நம்பாமல் சொன்னவரும் இல்லை. நாற்பது வருடம் அதை நம்பித்தான், செத்தவர் மனம் நோகுமே, இருக்கிறவர் மனம் நோகுமே என்று பக்கம் பக்கமாகத் தாண்டினார்.

உள்ளே குழந்தை தூங்குவதாகச் சொன்னாள். எழுப்பட்டுமா என்றும் கேட்டாள், அதை இல்லையென்று சொல்ல மாட்டேன். அவர்தான் வேண்டாம், தூங்கட்டும் என்றார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், குடித்தார். வருகிறேன் என்றார், சரிப்பா என்றாள். நீங்கள் வாருங்கள் என்று அவரும் கூப்பிடவில்லை, நான் வருகிறேன் என்று அவளும் சொல்லவில்லை. வேன் திரும்பும்வரை கேட்டருகே நின்றாள்.

திரும்பும் வழியில் செம்பனை எண்ணெய் மரக் காட்டுக்கு நடுவே வரும்போது ரேடியோவைப் போட்டேன், பிறகு நானே அணைத்துவிட்டேன். ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. செத்தவர்கள் கேட்பதெல்லாம் யார் கண்டது, புத்தகத்தில் எழுதினவன் போய்ப் பார்த்தானா என்று சொல்ல வாயெடுத்தேன். இவரிடம் போய் அதை எப்படிச் சொல்வது. அவர் உயிரோடு இருப்பதற்கே அந்த நம்பிக்கை ஒன்றுதானே மிச்சம், மருது எங்கேயோ இருக்கிறாள் என்பதற்கும் அதுதானே சாட்சி.

அவர் வீட்டு முன்னால் நிறுத்தினேன். இறங்கினார், சாவியை எடுத்தார், கேட்டைத் திறந்தார். கதவுக்கு முன்னால் போய் நின்றவர் அப்படியே நின்றுவிட்டார். சாவி நுழையவில்லையோ என்று நான் இறங்கிப் போனேன். புது வெள்ளையடித்த சுவரில் கையை ஊன்றிக்கொண்டிருந்தார். எத்தனையோ வீடுகளில், இழுத்துக்கொண்டிருக்கும் உயிர்களுக்கு நடுவில், பிணத்தின் தலைமாட்டில், கொஞ்சமும் அசராமல் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன் அவரை. அன்றைக்குத் தன் வீட்டுக்குள் நுழைய முடியாமல் நின்றார்.

"என்னண்ணே?" என்றேன்.

"உள்ள அவ படம் இருக்கு தம்பி," என்றார். "அவ முகத்துல எப்படி முழிக்கிறது?"

சாவியை வாங்கி நான்தான் கதவைத் திறந்தேன், உள்ளே போய் விளக்கையும் போட்டேன். அவர் வெளியிலேயே நின்றுகொண்டிருந்தார்.